முற்றுகையின் கணக்கு: செஞ்சியிலிருந்து சூரியன் வரை

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏறுகிறவர்கள், ஏறக்குறைய மலை முழுவதையும் கடந்தபின் ஒரு பாறைப் பிளவின் முன் வந்து நிற்பார்கள். இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே ஒரு சிறிய பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால், கீழே எத்தனை மதில்களைக் கடந்து வந்த படையும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். முதுகலைத் தமிழ் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை நாம் அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். உழிஞையையும் நொச்சியையும் வகுப்பறையில் விளக்குவதைவிட அந்தப் பாலத்தருகே விளக்குவது எளிது. மதிலை வளைப்பதையும் காப்பதையும் தொல்காப்பியம் உழிஞை என்ற ஒரே திணைக்குள் வைத்தது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, காப்பதை நொச்சி என்று தனித் திணையாகப் பிரித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பயணத்தில், இளநிலையில் இயற்பியல் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்த மாணவர் ஒருவர், "ஐயா, இயற்பியலிலும் ஓர் உழிஞை உண்டு. எலக்ட்ரான் வந்து அயனியை மோதுவது. அதை முழுக்க முழுக்கத் தாளிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள்" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் உடனே, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகும் கேள்வி அடங்கவில்லை. யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் நடக்கும் ஒன்றைத் தாளில் எழுதிய எண்கள் எப்படிச் சொல்ல முடியும்? சொன்னாலும் அதை எதற்காக நம்ப வேண்டும்? இலக்கியம் படித்த நமக்கு அன்று பதில் தெரியவில்லை. அதன்பின் தேடிப் படித்து அறிந்துகொண்டதே இக்கட்டுரை.

*

கதை ஒரு நிழலில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் இருந்து அதே கிரகணத்தைக் கண்டார். மூன்றே ஆண்டுகளில், 1871 டிசம்பர் 12 அன்று, இன்னொரு நிழல் பேக்கல் கரையில் நுழைந்து நீலகிரியையும் புதுக்கோட்டையையும் கடந்து யாழ்ப்பாணம், திருகோணமலை வழியே வெளியேறியது. பேக்கலில் ஆங்கிலேயரான லாக்யர். உதகைக்கு அருகே சோலூரில் மீண்டும் ஜான்சன். செஞ்சி அந்த நிழலின் பாதைக்கு வெளியே இருந்தது. அன்று கோட்டை மதில்மேல் நின்றவர்கள் பிறையாய்க் குறுகிய சூரியனைக் கண்டிருப்பார்களே தவிர, சந்திரனைச் சுற்றிப் பூத்த ஒளிமகுடத்தைக் கண்டிருக்க முடியாது.

கொரோனா எனப்படும் அந்த ஒளிமகுடம்தான் இங்கே நம் பொருள். அது சூரியனுடையதா, சந்திரனுடையதா, நம் காற்றில் தோன்றும் மாயமா என்பதே அன்று விவாதத்தில் இருந்தது. சோலூரில் ஜான்சன் அதன் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடுகளைக் கண்டார். சூரியனைச் சூழ்ந்துள்ள ஏதோ ஒரு பொருள் சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1869 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தின்போது, யங், ஹார்க்னஸ் என்னும் இருவர் அந்த மகுடத்தில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டிருந்தனர். அதன் அலைநீளம் 5303 ஆங்ஸ்ட்ராம். பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. எனவே 'கொரோனியம்' என்று இல்லாத ஒரு தனிமத்துக்குப் பெயர் சூட்டினார்கள். பெயர் வைத்துவிட்டால் புரிந்துவிட்டதாக ஆறுதல் கொள்வது அறிஞர்களுக்கும் உள்ள பழக்கம்தான்.

எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஆறுதல் நீடித்தது. 1939-இல் ஜெர்மனியின் குரோட்ரியன் முதல் தடத்தைக் காட்ட, 1940களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் எட்லேன் விடையை முழுமையாக்கினார். அது புதிய தனிமம் அல்ல, இரும்பு. ராஜகிரியின் மேல் கிடக்கும் பீரங்கியில் உள்ள அதே இரும்பு. ஆனால் தன் 26 எலக்ட்ரான்களில் சரிபாதியை, 13 எலக்ட்ரான்களை, இழந்து நிற்கும் இரும்பு. பதின்மூன்று எலக்ட்ரான்களைப் பறிகொடுக்க வேண்டுமானால் அந்த வாயு பத்து லட்சம் பாகைக்கு மேல் கொதித்தாக வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ்தான். அடுப்பைவிட அதற்கு மேலே உள்ள புகை பல நூறு மடங்கு சூடாக இருப்பதைப் போன்றது இது. இந்த விந்தையை நம்புவதற்கு, அந்த வெப்பத்தை இன்னொரு வழியிலும் அளந்து பார்க்க வேண்டியிருந்தது. அங்கேதான் ஏட்டுக் கணக்கு உள்ளே வருகிறது.

*

எலக்ட்ரான்களை இழந்த அணுவே நேர்மின் அயனி. அதைச் சுற்றிலும், அது இழந்தவையும் பிற அணுக்கள் இழந்தவையுமான எலக்ட்ரான்கள் அலைகின்றன. அவற்றில் ஒன்று அயனியை நெருங்கும்போது நான்கில் ஒன்று நடக்கலாம். பாதை மட்டும் வளைந்து விலகிப் போகலாம். தன் ஆற்றலில் ஒரு பங்கை அயனிக்குள் இருக்கும் எலக்ட்ரானுக்குக் கொடுத்து அதை உயர்நிலைக்கு ஏற்றிவிட்டுப் போகலாம். உள்ளிருக்கும் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடலாம். அல்லது தானே சிறைப்பட்டு அயனியோடு சேர்ந்துவிடலாம். பச்சைக் கோடு பிறப்பது இரண்டாம் வகையால். மோதலால் உயர்நிலைக்கு ஏறிய இரும்பு அயனி, சராசரியாக நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம் அந்நிலையில் இருந்துவிட்டு, பச்சை ஒளியை உமிழ்ந்து இறங்குகிறது. ஓர் அணுவுக்கு அது மிக நீண்ட காலம். பூமியின் காற்றில் அதற்குள் எண்ணற்ற மோதல்கள் நடந்து அந்த ஒளியைப் பிறக்கவிடாமல் செய்துவிடும். கொரோனாவில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் பத்துக் கோடி முதல் நூறு கோடி எலக்ட்ரான்கள்தான். நம் கணக்கில் அது வெற்றிடம்.

எனவே கோட்டின் பிரகாசத்திலிருந்து வெப்பத்தையும் அடர்த்தியையும் அறிய வேண்டுமானால், இந்த நான்கில் எது எவ்வளவு எளிதில் நடக்கும் என்ற எண் வேண்டும். 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பை ஒரு குடுவையில் பிடித்து வைத்து அதன்மேல் எலக்ட்ரான்களை ஏவி அளக்க அக்காலத்தில் வழியே இல்லை. எட்டு எலக்ட்ரான் கொண்ட ஆக்சிஜனில் இரண்டை இழந்த அயனிக்கும் அதே நிலைதான். வான்முகில்களின் பச்சைக் கோடுகளுக்கு 'நெபுலியம்' என்று சூட்டப்பட்டிருந்த பெயரை, அவை இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் கோடுகள் என்று காட்டி 1927-இல் பவன் நீக்கியிருந்தார். கணக்கு ஒன்றே அங்கேயும் துணை.

கோட்டையை உவமையாகக் கொண்டால் இரண்டு வேறுபாடுகளை மனத்தில் இருத்த வேண்டும். கோட்டை தன்னைத் தாக்க வருபவனைத் தடுக்கும். நேர்மின் அயனியோ வெகுதொலைவிலிருந்தே எதிரியை இழுக்கும். நெருங்க நெருங்க எலக்ட்ரானின் வேகம் கூடுகிறது. மின்சுமை இல்லாத அணுவின் உள் எலக்ட்ரானை மேல்நிலைக்கு ஏற்றத் தேவையான ஆற்றலைச் சரியாக மட்டும் கொண்டுவரும் எலக்ட்ரானால் அதைச் செய்ய இயலும் வாய்ப்பு பூச்சியம். நேர்மின் அயனிக்கு அப்படியல்ல. வாசற்படியிலேயே அந்த வாய்ப்பு கணிசமாக இருக்கும், ஏனெனில் இழுவிசை வந்தவனை மையத்தில் கொண்டு சேர்க்கிறது. மேலும் அந்த இழுவிசைக்கு எல்லை இல்லை. எவ்வளவு தொலைவில் சென்றாலும் எலக்ட்ரானின் பாதை அதன் செல்வாக்கிலிருந்து முழுமையாக விடுபடுவதில்லை. மதிலின் நிழல் விழாத ஊரே இல்லாத கோட்டை என்று சொல்லலாம்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் வியப்பானது. உள்ளே நுழைந்த எலக்ட்ரானும் ஏற்கனவே உள்ளிருந்த எலக்ட்ரானும் அடையாளத்தால் வேறுபடாதவை. வெளியே வருவது நுழைந்ததேதானா என்று கேட்பதற்கே பொருள் இல்லை. போர்வீரனுக்குப் பெயர் உண்டு, நடுகல் உண்டு. எலக்ட்ரானுக்கு இரண்டும் இல்லை. ஆகவே கணக்கிடுபவர் இரண்டு சாத்தியங்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எலக்ட்ரான் ஒரு துகள்போல் பாதையில் வருவதில்லை, அலையாகப் பரவுகிறது என்ற புதிய இயக்கவியல் 1926-இல் நிலைபெற்றது. அந்தச் செய்தி தமிழகத்துக்கு வந்த விதமும் நினைவில் கொள்ளத்தக்கது. 1928-இல் சென்னைக்கு வந்த சோமர்ஃபெல்டை மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர் சந்தித்தார். தாம் படித்திருந்த சோமர்ஃபெல்டின் நூல் அதற்குள் பழையதாகிவிட்டது என்று அந்நூலை எழுதியவர் வாயாலேயே அறிந்தார். மறு ஆண்டே, எலக்ட்ரானால் ஒளி சிதறுவது பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1931-இல் சோமர்ஃபெல்டு, அணுக்கருவின் புலத்தில் எலக்ட்ரான் வேகம் குறைந்து ஒளி உமிழ்வதைக் கணக்கிட்டு வெளியிட்டார். மோட்டும் மாசியும் 1933-இல் எழுதிய அணு மோதல் நூல் இத்துறையின் இலக்கணம் ஆயிற்று.

ஆனால் இலக்கணம் இருப்பதும் செய்யுள் அமைவதும் ஒன்றல்ல. அயனியில் ஒரே ஓர் எலக்ட்ரான் எஞ்சியிருந்தால்கூட, கருவையும் வரும் எலக்ட்ரானையும் சேர்த்து மூன்று பொருள்கள். மூன்று பொருள்களின் சமன்பாட்டுக்கு முழுமையான தீர்வு கிடையாது. அயனி எந்தெந்த நிலைகளில் இருக்கக்கூடும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அலையை எழுதி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பின்னிய சமன்பாடுகளாகத் தீர்ப்பார்கள். பட்டியலோ முடிவற்றது. எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும். எங்கே நிறுத்துவது, எதைச் சிறிதென்று விடுவது என்பதில்தான் கணக்காளரின் நேர்மையும் விதியும் அடங்கியிருக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மைக்கேல் சீட்டன் 1950களிலிருந்து தம் வாழ்நாளை இதற்கே கொடுத்தார்.

*

இங்கே நம் மேகநாத் சாகாவை நினைக்காமல் மேலே செல்ல முடியாது. 1920-இல், கல்கத்தாவில் இருந்த அந்த இளைஞர், ஒரு வாயுவில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்பதை வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டே சொல்லும் சமன்பாட்டைத் தந்தார். விண்மீன்களின் நிறமாலை அதன்பிறகே படிக்கக்கூடிய ஏடு ஆயிற்று. அதன் அழகு, தனித்தனி மோதல்களைப் பற்றிய அறிவே அதற்குத் தேவையில்லை என்பதில் இருக்கிறது. வரவும் செலவும் ஒவ்வொரு வழியிலும் சமன்பட்டிருந்தால், வழிகளை எண்ண வேண்டாம்.

கொரோனாவில் அந்தச் சமநிலை இல்லை. அங்கே பிறக்கும் ஒளி திரும்பி வராமல் வெளியேறிவிடுகிறது. எலக்ட்ரானைப் பறிக்கும் வழி ஒன்று; மீண்டும் சேர்க்கும் வழி வேறொன்று. ஆகவே ஒவ்வொன்றையும் தனியே கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டபோது ஒரு சங்கடம் எழுந்தது. இரும்பு அயனிகளின் பறிப்புக்கும் சேர்ப்புக்கும் இடையிலான சமன்பாடு ஒரு வெப்பத்தைச் சொன்னது. நிறமாலைக் கோடுகளின் அகலம், அணுக்களின் வேகத்தைக் காட்டுவதால், ஏறக்குறைய அதன் இருமடங்கைச் சொன்னது. ஒரே வாயுவுக்கு இரண்டு வெப்பங்கள் இருக்க முடியாது. ஏதோ ஒரு கணக்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது.

விடுபட்டதை விளக்க மீண்டும் செஞ்சிக்கு வர வேண்டும். 1690-இல் ஔரங்கசீபின் தளபதி சுல்பிகர் கான், ராஜாராம் தங்கியிருந்த இக்கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் முற்றுகையிட்டவரே முற்றுகைக்கு ஆளான காலமும் உண்டு. மராட்டியக் குதிரைப்படை சுற்றி வளைக்க, சுல்பிகர் கான் 1693-இன் தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பிறகு திரும்பி வந்தார். வந்தவர் உள்ளேயும் போகாமல் ஊருக்கும் திரும்பாமல் சுற்றுப்புறத்தில் நிலைகொண்டிருந்த ஓர் இடைநிலை அது.

எலக்ட்ரானுக்கும் அப்படி ஓர் இடைநிலை உண்டு. வந்த எலக்ட்ரான் தன் ஆற்றலைக் கொடுத்து உள்ளிருப்பதை மேலே ஏற்றுகிறது. கொடுத்தபின் திரும்பிப் போக அதனிடம் போதிய ஆற்றல் இல்லை. எனவே அயனியின் வெகுதொலைவான சுற்றுப்பாதை ஒன்றில் தங்கிவிடுகிறது. இப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஏறியது கீழிறங்கி, கடன் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தால், வந்தது வெளியேறிவிடும். அது ஒரு சிதறலாக முடியும். ஏறியது ஒளியை உமிழ்ந்து இறங்கினால், ஆற்றல் ஒளியோடு போய்விடும். வந்தது நிரந்தரமாகச் சிறைப்படும். இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்து நடத்தும் இந்த மறுசேர்க்கையை, பூமியின் மேல்வளிமண்டலத்தைப் பற்றி ஆராய்ந்த மாசியும் பேட்ஸும் 1942-இலேயே குறிப்பிட்டிருந்தனர். ஆனால் கொரோனாவில் அதற்குப் பெரிய இடம் இருக்கும் என்று கருதப்படவில்லை.

1964-இல் ஆலன் பர்கெஸ் அந்தச் சிறியதை எடுத்து முழுமையாகக் கூட்டிப் பார்த்தார். சிறைப்படும் சுற்றுப்பாதை ஒன்றல்ல. மேன்மேலும் தொலைவாக அடுக்கடுக்காக ஏராளமானவை உண்டு. ஒவ்வொன்றின் பங்கும் அற்பம். எல்லாவற்றையும் கூட்டினால், கொரோனாவின் வெப்பத்தில் அது சாதாரண மறுசேர்க்கையைப் பல மடங்கு விஞ்சியது. சேர்ப்பு இவ்வளவு வலுவானதென்றால், 13 எலக்ட்ரானை இழந்த நிலையில் இரும்பைத் தக்கவைக்க இன்னும் கூடுதலான வெப்பம் வேண்டும். கணக்கிட்ட வெப்பம் உயர்ந்து மற்றதை எட்டியது. இரண்டு வெப்பங்களும் ஒன்றாயின. சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் வீட்டுப் பழமொழி. அதை மறந்ததன் விலை சூரிய மகுடத்தின் வெப்பத்தில் பாதியாக இருந்தது.

*

ஏட்டுச் சுரைக்காய் என்ற கேள்வி இப்போது கூர்மை பெறுகிறது. பர்கெஸ் சொன்னது தாளில்தான் சரியாக வந்ததா? ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் மீது எலக்ட்ரான்களை மோதவிட்டு, இரண்டாவதும் பறிபோகும் அளவை 1961-இல் டோல்டர், ஹாரிசன், தோன்மன் ஆகியோர் அளந்தனர். அயனிக் கற்றையையும் எலக்ட்ரான் கற்றையையும் குறுக்காகச் சந்திக்கவைத்த அந்த முறை வளர்ந்து, இரட்டை எலக்ட்ரான் மறுசேர்க்கையை நேரடியாக ஆய்வுக்கூடத்தில் கண்டது 1983-இல்தான். பத்தொன்பது ஆண்டுகள் அது கணக்கின் சொல்லாக மட்டுமே நின்றது. ஆனால் அந்தச் சொல், வேறொரு வழியில் கிடைத்த அளவோடு பொருந்த வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. ஏட்டுக்குள் மட்டும் அடங்கிய சுரைக்காய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேறுபாடு இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

பிற்காலக் கணக்குகள் பெரும் கூட்டுப்பணிகளாயின. அணுக்கரு வினைகளுக்காக விக்னரும் ஐசன்பட்டும் 1947-இல் வகுத்த முறையை, பெல்ஃபாஸ்டில் பிலிப் பர்க் குழுவினர் 1970களில் எலக்ட்ரான் மோதலுக்குக் கொண்டுவந்தனர். அயனியைச் சுற்றி ஒரு கற்பனை வேலியிட்டு, உள்ளே நடக்கும் சிக்கலை ஒருமுறை மட்டும் தீர்த்து, வெளியே எளிய சமன்பாடுகளால் தொடரும் முறை அது. இடைநிலைச் சிறைகளால் எழும் எண்ணற்ற முகடுகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. 1993-இல் தொடங்கிய 'இரும்புத் திட்டம்' இரும்பையும் அதன் உறவுத் தனிமங்களையும் இம்முறையால் கணக்கிட்டது. ஓஹியோவில் அனில் பிரதானும் சுல்தானா நாகரும் அதில் முக்கியப் பங்காற்றினர். நாசாவின் கோடார்டு மையத்தில் ஆனந்த் பாட்டியா, ஓர் எலக்ட்ரான் மட்டும் எஞ்சிய ஹீலியத்தின் மீதான சிதறலை மிகுந்த நுட்பத்தோடு கணக்கிட்டிருக்கிறார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேஷ்முக் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதன் மறுபக்கத்தை: ஒளி பட்டு அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதை. அயனியை விட்டுப் போகும் எலக்ட்ரானும் அயனியிடம் வரும் எலக்ட்ரானும் ஒரே கதையின் பாதிகள்.

இன்று அந்தப் பச்சைக் கோட்டுக்காக யாரும் கிரகணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்த ஆதித்யா-எல்1 விண்கலம், தானே ஒரு செயற்கைக் கிரகணத்தை உண்டாக்கிக்கொண்டு கொரோனாவைப் பார்க்கிறது. அது தேடும் கோடுகளில் ஒன்று அதே 5303. திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. கொரோனாவைப் பார்க்கும் கருவியை அமைத்தது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். ரகுநாதாச்சாரி பணியாற்றிய சென்னை வானாய்வகத்தில்தான் அந்நிறுவனத்தின் வேர் இருக்கிறது. ஆனால் அக்கருவி அனுப்புவது பிரகாசத்தின் அளவை மட்டுமே. அதை வெப்பமாகவும் அடர்த்தியாகவும் மொழிபெயர்ப்பது மோதல் கணக்கின் எண்கள்.

அந்த எண்கள் இறுதித் தீர்ப்பும் அல்ல. சூரியனின் உட்பகுதியை ஒத்த சூழலில் இரும்பு எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் அளந்தபோது, கணக்கிட்டதைவிட 30 முதல் 400 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்த முடிவு 2015-இல் வெளியானது. விடுபட்டது எது என்ற வினா முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. பர்கெஸின் கதை நமக்குக் கற்றுக்கொடுத்த பொறுமையோடு காத்திருக்கத்தான் வேண்டும்.

*

2025 ஜூலையில், மராட்டியப் படைத்துறை நிலப்பரப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தமிழகத்திலிருந்து செஞ்சி ஒன்றே. அதன்பின் மாணவர்களோடு மீண்டும் ராஜகிரி ஏறினோம். பாறைப் பிளவின் பாலத்தருகே வழக்கம்போல் உழிஞையையும் நொச்சியையும் சொன்னோம்.

பின்பு, முன்னொரு நாள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியையும் சொன்னோம். கோட்டையின் வரலாற்றை எழுதுபவனும் எட்டு ஆண்டு முற்றுகையை நேரில் கண்டவன் அல்லன். கிடைத்த சான்றுகளை அடுக்கி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாத இடத்தில் தான் எதைச் சிறிதென்று ஒதுக்கினோம் என்று திரும்பத் தேடுபவன்தான் அவனும். அவ்வாறு தேடுகிறவரை ஏடு பயனற்றதாகாது. தேடுவதை நிறுத்திவிட்டால், வரலாறாயினும் இயற்பியலாயினும், அது ஏட்டுச் சுரைக்காய்தான்.